ஓலைக்குடைக்கு இரும்புக் காம்பு

திருவோணத்துக்கு மறுநாள் சாயங்காலம் ஒரு கூட்டமே சேர்ந்து என்னை அடித்துக் கொல்ல வந்திருக்கிறது என்று நான் நம்பினேன். சும்மா சந்தேகப்படவில்லை. சாமி மேல் வைக்கிற நம்பிக்கையைவிட ரெண்டு படி கூடுதலாக நம்பினேன். அந்த நேரத்தில் என் தலையில் தங்கக் காகிதம் ஒட்டிய அட்டைக் கிரீடம், மூக்குக்குக் கீழே கம்பளி மீசை, சட்டையில்லாத தொப்பை முழுக்கச் சந்தனம், இடுப்பில் மனைவியின் கல்யாணப் பட்டில் கட்டிய பஞ்சகச்சம், கையில் ஓலைக்குடை. ஓணத்துக்கு ஓணம் பாதாளத்திலிருந்து வந்து குடிமக்களைப் பார்த்துவிட்டுப் போகிற மாவேலி ராஜா, அதாவது மகாபலி, நான்தான். இந்தக் கோலத்தில் ஒருவனைக் கொன்றால் கொலைகாரனுக்கே கை நடுங்கிச் சிரிப்பு வந்துவிடும் என்பது ஒன்றுதான் எனக்கிருந்த ஆறுதல்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பொள்ளாச்சி பஸ் போகிற ரோட்டிலிருந்து உள்ளே இறங்கினால் வரும். பேச்சு முக்கால்வாசி தமிழ்தான். ஆனாலும் ஓணம் வந்துவிட்டால் பூக்களமும் செண்டை மேளமும் வடம்வலியும் இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. வடம்வலி என்றால் கயிறு இழுக்கும் போட்டி. பக்கத்துக்கு ஏழு பேர். ஜெயித்தவர்களுக்கு ஒரு கிடாயும் ஒரு நேந்திரங்குலையும். அந்த வருடம் திருவோணம் வெள்ளிக்கிழமை வந்ததால் சனி, ஞாயிறையும் சேர்த்து மூன்று நாள் நோம்பி.

நடத்துவது எங்கள் கிளப். ஆட்டோ ஓட்டுகிறவர் செக்ரட்டரி. ரைஸ் மில்லில் நிற்கிறவர் பந்தல். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான் மைக், அதோடு மாவேலி. யாருக்கும் சம்பளம் கிடையாது, ஆகவே யாரும் யாருக்கும் கீழே கிடையாது. ஒரு வாழை மரம் கட்ட நாலு பேர் உத்தரவு போடுவார்கள். கட்டுவதற்கு ஆள் இருக்காது.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் இன்னொரு கிளப். அங்கே பெரும்பாலும் கள் இறக்குகிறவர்கள், தோப்பு வேலைக்காரர்கள். இந்தப் பக்கம் கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், டிரைவர்கள். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மாரியம்மன், ஒரே ரேஷன் கடை. சண்டைக்கு வேறு காரணம் ஒன்றும் அகப்படாததால் கயிறு போதுமானதாக இருந்தது.

முந்தின வருடம் இறுதிப் போட்டியில் அவர்களுடைய கேப்டனின் கால் வழுக்கி, கயிறோடு சேர்ந்து எங்கள் பக்கம் இழுபட்டு வந்தான். மைக் என் கையில் இருந்தது. வாயும் என்னிடம்தான் இருந்தது. "தென்னை மரத்துல நிக்கற காலு தரையில நிக்க மாட்டேங்குதே, என்னங்க அக்கிரமம்!" என்று விட்டேன். மைதானமே சிரித்தது. அவனுடைய பெண்டாட்டி சிரிக்கவில்லை. அவன் எழுந்தான், வேட்டியை உதறினான், நேராக மேடைக்கு வந்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன். எங்கள் பக்கத்து மரியாதை எதிலும் தப்பாது, மிரட்டுவதிலும் தப்பாது.

"ஏனுங்ணா, அடுத்த நோம்பிக்கு வருவனுங்க. வந்து உங்க பல்லு அத்தனையும் கழட்டி உங்க கையிலயே குடுத்துப்போட்டுப் போறனுங்க. கோவிச்சுக்காதீங்க."

அதற்கப்புறம் ஒரு வருடம் நான் அவனுடைய வலது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தேன். பாளை சீவுகிற கை. காலையும் சாயங்காலமும் பதினாறு தென்னை ஏறி அரிவாளைத் திருப்புகிற மணிக்கட்டு, என் கணுக்கால் தடிமன் இருக்கும். டீக்கடையில் அவன் கிளாஸை எடுத்தால் எனக்குக் கடைவாய்ப் பல் கூசும். பஸ்ஸில் எதிர்ப்பட்டால், "நல்லாருக்கீங்ளாண்ணா?" என்று கேட்டு என் வாயையே பார்ப்பான். ராத்திரி நான் கண்ணாடி முன்னால் பல்லை எண்ணுவதைக் கண்டு மனைவி சொன்னாள்: "ஏனுங்க, இருக்கறதே இருவத்தஞ்சு. அதுல மூணு ஆடுது. அந்தத் தம்பிக்குத்தான் நஷ்டம்."

அந்த ஓணத்துக்கு நாங்கள் ரெண்டு காரியம் செய்தோம்.

ஒன்று, குடை. மாவேலியின் ஓலைக்குடைக்கு மூங்கில் காம்புதான் வழக்கம். முந்தின வருடம் அது நடு ஊர்வலத்தில் முறிந்து என் கிரீடத்தின் மேலேயே கவிழ்ந்ததால், பந்தல் கமிட்டி முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப் வைத்து ஓலையைக் கட்டிக் கொடுத்தது. தூக்கினால் தோள் இறங்கியது. உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். ஆயுதம் ஏந்திய மாவேலி உலகத்தில் நான் ஒருவன்தான்.

இன்னொன்று, குழாய் ஸ்பீக்கர். வெள்ளிக்கிழமை அது மேடைப் பந்தலிலேயே கிடந்தது. என் குரல் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை என்று நானே சண்டை பிடித்தேன். மேடைக்குப் பின்னால் ஒரு கிழட்டுப் பனை. உச்சியில் வெட்டாத காவோலை தாடி மாதிரி தொங்கும். அதில் ஏற்றிக் கட்டுங்கள் என்றேன். எங்கள் கிளப்பில் மரம் ஏறத் தெரிந்தவன் ஒருத்தன் இல்லை. ஏறத் தெரிந்தவர்கள் முழுக்கக் கால்வாய்க்கு அந்தப் பக்கம்.

"அவனுககிட்டப் போயி மரமேற ஆள் குடுங்கன்னு நிக்கறதா? அதுக்கு நோம்பியே வேண்டாம்னு ஊட்டுக்குப் போயர்லாம்" என்றார் செக்ரட்டரி. சனிக்கிழமை காலையில் எலெக்ட்ரீஷியனின் ஏணியை வைத்து, ஏணி முடிந்த இடத்திலிருந்து மூங்கில் கொக்கியால் தள்ளி, காவோலைக்குள் சொருகினாற்போல் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டார்கள். கட்டினவன் மேலே பார்க்கவே இல்லை. பார்த்தால் தலை சுற்றுமாம். கீழே நின்று, "இன்னும் மேல, இன்னும் மேல" என்று சொன்னது நான்.

சாயங்காலம் மூன்றரை மணிக்கு அவர்கள் வந்தார்கள். போட்டிக்கு ஏழு பேர் போதும். இருபது பேருக்குக் குறையாமல் வந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஒளிந்து தட்டி ஓட்டையில் பார்த்தேன். கேப்டன் எங்கள் மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். மேடையைப் பார்த்தான். மேடைக்கு மேலே வெகுநேரம் பார்த்தான். பிறகு தன் ஆட்களிடம் என்னவோ சொன்னான். ரெண்டு பேர் ஓடினார்கள். திரும்பி வரும்போது ஒருவன் கையில் காய்ந்த தென்னோலையை இறுக்கிக் கட்டிய சூட்டு, ஆள் உயரம். இன்னொருவன் தோளில் சொட்டச் சொட்ட நனைத்த கோணிச்சாக்கு. ரெண்டையும் கயிற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

எனக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. சூட்டு மேடையைக் கொளுத்த. சாக்கு என்னைக் கட்ட. ஈரம் எதற்கு என்று மட்டும் புரியவில்லை. சத்தம் வெளியே வராமல் இருக்க ஈரச்சாக்குதான் நல்லது போலிருக்கிறது என்று நானே விளக்கமும் கொடுத்துக்கொண்டேன்.

அவன் படிக்கட்டுக்கு வந்தான். "மைக் புடிக்கற அண்ணன ஒரு நிமிசம் பாக்கோணுங்க."

செக்ரட்டரியும் இன்னும் மூன்று பேரும் குறுக்கே நின்றார்கள். "போட்டி முடியட்டும். அதுவரைக்கும் ஒரு பேச்சும் வேண்டாம்."

"இல்லீங்க, முடியறதுக்குள்ள சொல்லோணும்."

"நீ என்ன சொல்லுவீன்னு போன வருசமே கேட்டுட்டோம், போ."

நான் பாயசக் குண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். கிரீடம் மட்டும் மேலே தெரிந்திருக்கிறது. கரண்டியோடு நின்ற மனைவி குனிந்து, "ராசா, பாதாளம் அக்கட்டால இருக்குதுங்க, இது அடுப்பு" என்றாள். அவன் மறுபடியும் ஒரு தடவை வந்தான். மறுபடியும் விரட்டினார்கள். ரெஃபரி விசில் ஊதியதும், வேறு வழியில்லாமல் போய்க் கயிற்றைப் பிடித்தான். கடைசி ஆள் அவன்தான். கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பனைக்கு இருபது அடி தள்ளி, மேடைக்கு முதுகைக் காட்டி நின்றான்.

வேறு வழியில்லாமல் நானும் மைக் முன்னால் வந்தேன். அன்றைக்கு நான் பேசிய மரியாதைப் பேச்சு எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் இருக்காது. "மேடைப் பக்கம் நிற்கும் பெருமதிப்புக்குரிய, வீரத்துக்குப் பேர்போன, தரையிலும் சரி மரத்திலும் சரி உறுதியாக நிற்கக்கூடிய அணி..." பனைக்கு அடியில் செண்டைக்காரர்கள் பத்துப் பேர் கோலை ஓங்கினார்கள்.

வடம்வலியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது விளையாட்டுப் போல இருக்காது. பதினாலு பேரும் மல்லாக்கப் படுத்து, குதிகாலை மண்ணில் குத்தி, தொண்டையிலிருந்து மாடு மாதிரி உறுமுவார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றில் ஒட்டும். கழுத்து நரம்பு கயிற்றைவிடத் தடிமனாகும். ஒரு நிமிடம் கயிறு நகரவில்லை. எனக்குப் பயம் மறந்து பழைய புத்தி வந்துவிட்டது. மைக்கை வாய்க்குள் விட்டுக்கொண்டு, "இழு! இழு! இழு!" என்று கத்தினேன். ஸ்பீக்கர் கீச்சென்று கூவியது. செண்டை உச்சத்துக்குப் போனது.

அப்போது எங்கள் அணியில் மூன்றாவது ஆள் பின்கழுத்துப் பொடனியில் கையால் அறைந்துகொண்டு துள்ளினான்.

"எவன்டா கல்லெறியறது?"

அடுத்தது ஐந்தாவது ஆள். "அய்யோ, கண்ணு!" அவனும் கயிற்றை விட்டான். கயிறு விட்ட வேகத்தில் எதிர் அணி ஏழு பேரும் மொத்தமாகப் பின்னால் சரிந்தார்கள், கேப்டன் எல்லாருக்கும் அடியில். எங்கள் ஆட்களுக்கு அது போதும். "உண்டிவில்லு வெச்சுருக்கானுக! புடிங்கடா!" விழுந்து கிடந்தவர்கள் மேல் பாய்ந்தார்கள்.

நான் எத்தனையோ சண்டைக்கு மைக் பிடித்திருக்கிறேன். இது மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை. முழங்காலை நெஞ்சில் வைத்து முகத்தில் குத்தினார்கள். ஒருவன் பெல்ட்டை உருவிச் சுழற்றினான். கொக்கி பட்டு ஒரு காது மடல் பிளந்து தொங்கியது. பரிசு நேந்திரங்குலையைத் தண்டோடு தூக்கி ஒருவன் இன்னொருவன் முதுகில் இறக்கினான், காய் நாலாபக்கமும் தெறித்தது. ஜரிகை வேட்டிக்காரர் ஒருவர், எங்கள் கிளப்பின் கவுரவத் தலைவர், பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை வியாதி, செங்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினார். யார் வாயிலிருந்தோ ரத்தமும் வெற்றிலையும் சேர்ந்து தெறித்தன. அடிபட்டவனும் கத்தினான், அடித்தவனும் கத்தினான். அடித்துக்கொண்டிருக்கும்போதே சிலபேர் தங்கள் தலையில் தாங்களே அறைந்துகொண்டார்கள். கோபத்தில் மனிதன் என்னென்னவோ செய்வான் என்று நினைத்தேன். கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு பூக்களத்தின் நடுவே பாய்ந்து பொள்ளாச்சி ரோட்டைப் பார்த்து ஓடியது. அங்கே இருந்தவர்களில் புத்தியுள்ளது அது ஒன்றுதான்.

என் பொடனியிலும் ஒன்று விழுந்தது. கல்லேதான். உலையில் காய்ச்சி எடுத்த கல். கிரீடம் பறந்தது. கண் இருட்டியது. நிமிர்ந்தால், கேப்டன் வருகிறான்.

அவன் சண்டைக்குள் போகவில்லை. இடுப்புக் கயிற்றை உதறினான், சூட்டைத் தூக்கினான், லைட்டரைத் தட்டினான். ஓலை குப்பென்று பிடித்தது. ஒரு கையில் நெருப்பு, இன்னொரு கையில் ஈரச்சாக்கு, நேராக மேடைக்கு ஓடி வந்தான். படிக்கட்டைத் தொடவே இல்லை, ஒரே தாவல். வாயைத் திறந்து என்னவோ கத்தினான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது நெருப்பும் அந்த மணிக்கட்டும்தான்.

குடையை ரெண்டு கையாலும் சுழற்றினேன். ஓலை பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கையில் நின்றது பைப் மட்டும். ஐம்பத்தொரு வருடத்தில் நான் ஒரு பல்லியைக்கூட அடித்தது கிடையாது. முதல் அடியே சரியாக விழுந்தது. முருங்கைக்காய் ஒடிகிற சத்தம். சூட்டு தெறித்து விழுந்தது. அவனுடைய வலது கை, வளையக்கூடாத இடத்தில் வளைந்து தொங்கியது.

"அட கெரகமே" என்றான். அவ்வளவுதான்.

நான் மறுபடியும் ஓங்கினேன். ஓங்கினேன் என்பதை மறைக்க இஷ்டமில்லை. அதற்குள் தோளால் என் தொப்பையில் முட்டி மல்லாக்கத் தள்ளினான். மாவேலியைப் பூமிக்குள் மிதித்து அனுப்பிய கதையை வருடாவருடம் மைக்கில் சொல்கிறவன் நான். அன்றைக்கு அது என் முதுகெலும்புக்குப் புரிந்தது. ஈரச்சாக்கு என் முகத்தின் மேல் விழுந்தது. அதற்கு மேல் அவன் விழுந்தான். மூச்சு முட்டியது. சாக்கு ஓரத்தில் அகப்பட்ட அவன் முன்கையைக் கடித்தேன். நன்றாகவே கடித்தேன்.

"பல்லு மட்டும் வேண்டாம்ப்பா" என்று கெஞ்சினேன். வாயில் கை இருந்ததால் அது எப்படிக் கேட்டதோ தெரியாது.

"மொதல்ல உங்க பல்ல என் கையிலருந்து எடுங்க" என்று காதுக்குப் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "அசையாம கெடங்க. அசைஞ்சீங்கன்னா நானே கொன்னுபோடுவேன்."

அசையாமல் கிடந்தேன். அப்போதுதான் கேட்டது. செண்டை நின்றுபோயிருந்தது. அடிதடியும் நின்றுபோயிருந்தது. எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதற்கெல்லாம் மேலே, சாக்குக்கு வெளியே, ரைஸ் மில் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல். சாக்கு இடுக்கில் என் மூக்குக்கு முன்னால் ஒன்று வந்து உட்கார்ந்தது. பெருவிரல் நீளம், இடுப்பில் மஞ்சள் பட்டை. கதண்டு. குளவிக்குப் பெரியப்பன். ஒரு கூடே திரண்டால் மாட்டையே சாய்த்துவிடும். என் மேல் கிடந்தவனின் உடம்பு சின்னச்சின்னதாகத் துள்ளுவது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு மூச்சு. எண்ண ஆரம்பித்தேன், பிறகு எண்ணப் பயந்து விட்டுவிட்டேன். இடது கையால் அவன் எரிகிற ஓலையைத் துழாவி இழுத்து எங்கள் மேலேயே புகையவிட்டான். மனைவியின் கல்யாணப் பட்டு கருகுகிற வாடை வந்தது.

ஆஸ்பத்திரியில் ரெண்டு கிளப்பும் ஒரே வார்டில் கிடந்தோம். கண் மூடி வீங்கிப்போய், எவன் எந்தப் பக்கம் என்று பெண்டாட்டிகளுக்கே அடையாளம் தெரியவில்லை. "கதண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க ஏன் அடிக்கப் போறோம்?" என்று செக்ரட்டரி உதடு வீங்கிய வாயால் கேட்டார். சொல்ல வந்தவரைப் படிக்கட்டில் நிறுத்தினது யார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒளிந்துகொண்டது நான்தானே.

கேப்டனை உள்ளே தனியாக வைத்திருந்தார்கள். இத்தனை கொட்டினால் சிறுநீரகம் போய்விடும் என்று மூன்று நாள் பார்த்தார்கள். மூன்று நாளும் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், பொடனியில் ஒரு பிளாஸ்திரியோடு. அவர் மனைவியிடம் எதையாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று ரெண்டு தடவை வாயைத் திறந்தேன். வரவில்லை.

அவர் மனைவி சொன்னார்: "பாளைய ரெண்டு நாள் சீவாம உட்டாலே காஞ்சு போயிருமுங்ணா. பதினாறு மரத்தையும் வேற ஆளுக்கு உட்டாச்சு. அந்தக் கைதானுங்க எங்களுக்கு ஊடு."

நாலாம் நாள் உள்ளே விட்டார்கள். முகம் இன்னும் இறங்கவில்லை. என்னைப் பார்த்ததும் முதலில் என் வாயைத்தான் பார்த்தார்.

"எல்லாம் இருக்குதுங்ளாண்ணா?"

"இருக்குது."

"எண்ணிப் பாத்தீங்ளா?"

எனக்கு அழுகை வந்தது. கம்பளி மீசையின் பசை இன்னும் மேலுதட்டில் ஒட்டிக்கொண்டிருந்ததால் அதுகூட ஒழுங்காக வரவில்லை.

நடந்தது இதுதான். மைதானத்துக்குள் வந்து தலையை நிமிர்த்தியதுமே அவர் காவோலைக்குள் இருந்த கதண்டுக் கூட்டைப் பார்த்துவிட்டார். ஸ்பீக்கர் அதற்கு ஒரு முழம் கீழே இருந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொல்ல ரெண்டு தடவை வந்தார். கிளம்பிவிட்டால் கையில் இருக்கட்டும் என்று சூட்டும் ஈரச்சாக்கும் தயார் செய்து வைத்தார். கிளம்பியதும் செண்டைக்காரர்கள் ஓடிவிட, பனைக்குப் பக்கத்தில் உடம்பை மறைக்கத் துணியில்லாமல் நின்றது நான் ஒருவன்தான் என்பதால் என்னிடம் ஓடி வந்தார். எனக்கு விழுந்த கொட்டு ஒன்று. அவருக்கு நாற்பத்தொன்று, எல்லாம் முதுகில். வலது மணிக்கட்டில் எலும்பு ரெண்டு இடத்தில் முறிந்திருந்தது. அது கதண்டு செய்ததல்ல.